அஜபா வழிபாடு: மூச்சில் நிகழும் நித்திய பூசை

(கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாகசாலையில் மூட்டிய தீ அடங்கிவிட்டது. கடங்களில் நிறைந்திருந்த புனித நீர் விமானக் கலசங்களையும் மூலமூர்த்தியின் திருமேனியையும் அடைந்துவிட்டது. திருப்பணிக்குப் பொருள் தந்தவர்களும், உடலுழைப்பைத் தந்தவர்களும், வேறொன்றும் தர இயலாமல் உள்ளத்தை மட்டும் தந்தவர்களும் ஒருங்கே நின்று அந்நீர்த் துளியைத் தலைமேல் ஏற்றார்கள். அடுத்த நன்னீராட்டு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும். அதுவரையில் காலந்தோறும் இங்குப் பூசை நிகழும். அதைச் சிவாசாரியார் செய்வார். கோயிலைப் புதுக்கித் தந்த அன்பரோ தம் இல்லத்துக்கும் தொழிலுக்கும் திரும்பிவிடுவார். அவரிடத்திலே அன்றாடம் நிகழும் பூசை யாது?

இந்த வினாவுக்கு விடை கும்பாபிஷேகக் கிரியைகளுக்குள்ளேயே இருக்கின்றது. யாகசாலையிலிருந்து கருவறை வரையில் தருப்பைக் கயிறு கட்டப்பட்டிருந்ததைப் பலரும் கண்டிருப்பர். காலில் இடறாமல் விலகி நடந்தவர்கள் பலர். அது ஏன் கட்டப்பட்டது என்று கேட்டவர்கள் சிலரே. அதற்கு நாடி சந்தானம் என்று பெயர். நாடியாவது பிராணன் ஓடும் வழி. வேள்வியில் எழுந்த ஆற்றல் அந்த வழியே மூர்த்தியைச் சென்று சேர்வதாக ஆகம நெறி பாவிக்கின்றது. கல்லாலான திருமேனியையும் மூச்சு இயங்கும் ஓர் உடம்பாகவே கொண்டு அதற்கு உயிர்வழி அமைப்பது நம் முன்னோர் கண்ட முறை. அங்ஙனமாயின், இயல்பாகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் உடம்பைப் பெற்ற மனிதன் அதனைத் திரும்பியும் பாராதிருப்பது வியப்புக்குரியதன்றோ?

பிராணனின் பெருமையைச் சாந்தோக்கிய உபநிடதம் ஒரு கதையாகக் கூறுகின்றது. வாக்கும் கண்ணும் செவியும் மனமும் பிராணனும் தத்தமக்குள்ளே, 'யானே உயர்ந்தவன்' என்று வழக்கிட்டுப் பிரஜாபதியிடம் சென்றன. எவர் நீங்கினால் உடம்பு மிகவும் இழிந்த நிலையை அடையுமோ அவரே உயர்ந்தவர் என்று அவர் தீர்ப்புக் கூறினார். முதலில் வாக்கு ஓராண்டுக் காலம் வெளியே சென்று மீண்டது. மற்றவர்கள் ஊமையர் வாழ்வதுபோல வாழ்ந்திருந்தார்கள். கண் போயிற்று, குருடர்போல வாழ்ந்தார்கள். செவி போயிற்று, செவிடர்போல வாழ்ந்தார்கள். மனமும் போய்ப் பார்த்தது. அறிவு முதிராத குழந்தைகளைப்போல வாழ்ந்தார்கள். இறுதியில் பிராணன் புறப்பட எழுந்தது. உயர்ந்த சாதிக் குதிரை தன்னைக் கட்டிய முளைகளைப் பெயர்த்துக்கொண்டு கிளம்புவதுபோல, அது மற்ற எல்லாப் பொறிகளையும் வேரோடு பிடுங்கத் தொடங்கியது. உடனே யாவும் ஓடிவந்து, 'ஐயனே, நீரே எங்கள் தலைவர்; போகாதீர்' என்று பணிந்தன. கதை அவ்வளவே. தலைவன் ஆரவாரம் செய்யாதவன் என்பதும் அதில் அடங்கியிருக்கின்றது. வாக்கும் கண்ணும் நாள் முழுவதும் தம்மை அறிவித்துக்கொண்டேயிருக்கும். மூச்சோ நோய் வந்தாலன்றி ஒருவர் நினைவிலும் வருவதில்லை.

இவ்வாறு ஓசையின்றி நிகழும் மூச்சுக்கே அஜபை என்னும் பெயர் வழங்குகின்றது. ஜபிக்கப்படாமல் ஜபமாவது அஜபை. மூச்சு வெளியே செல்லுங்கால் 'ஹ' என்னும் ஒலியும், உள்ளே புகுங்கால் 'ஸ' என்னும் ஒலியும் தாமே எழுகின்றன என்று யோக நூல்கள் கூறும். இரண்டும் கூடினால் ஹம்ஸ மந்திரம். மாறி நின்றால் ஸோஹம். நாவை அசைக்க வேண்டுவதில்லை. மாலையை உருட்ட வேண்டுவதில்லை. ஒவ்வோர் உயிரும் பிறந்த கணம் முதல் இம்மந்திரத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றது. குறை ஒன்றே: சொல்பவனுக்குத் தான் சொல்வது தெரியவில்லை.

ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளில் மூச்சின் தொகை 21,600 என்பது நூல் வழக்கு. இத்தொகை எங்ஙனம் வந்தது என்பதை அறிந்தால் உள்ளம் சிலிர்க்கும். பண்டை வானநூலார் காலத்தை அளக்கப் 'பிராணன்' என்பதையே ஓர் அலகாகக் கொண்டனர். 6 பிராணன் ஒரு விநாழிகை. 60 விநாழிகை ஒரு நாழிகை. 60 நாழிகை ஒரு நாள். பெருக்கிப் பார்த்தால் 21,600 வரும். ஒரு பிராணன் இக்காலக் கடிகாரக் கணக்கில் 4 நொடி; நிமிஷத்துக்கு 15 மூச்சு. வட்டத்தை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பகுத்தாலும் வருவது அதே 21,600 தான். ஒரு பிராண காலத்தில் வானமண்டலம் ஒரு கலை சுழலுகின்றது என்று ஆரியபடர் தம் நூலில் குறித்தார்; அது கி.பி. 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. மேலே வானம் ஒரு கலை திரும்புகின்றது. கீழே திண்ணையில் உறங்கும் ஏழையின் மார்பு ஒருமுறை எழுந்து தாழ்கின்றது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்த நெஞ்சம் எத்தகைய நெஞ்சம்!

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். எல்லாருக்கும் நிமிஷத்துக்குப் 15 மூச்சுத்தானா? அன்று. ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதனுக்கு 12 முதல் 20 வரையில் இருக்கலாம் என்று மருத்துவர் கூறுவர். பிறந்த குழவிக்கு 30-க்கு மேல் இருக்கும். மலைப்படி ஏறுவோனுக்கும் கோபத்தில் கொதிப்போனுக்கும் கணக்கே வேறு. ஆகவே 21,600 என்பதைக் கடிகாரம் வைத்துச் சரிபார்க்கும் தொகையாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஒரு நாள் முழுவதையும், ஒரு மூச்சும் எஞ்சாமல், இறைவனுக்கு உரியதாகச் செய்யும் சங்கற்பத்தின் தொகை அது.

ஏட்டில் இருந்த இக்கருத்தைத் தமிழகம் கோயிலாகவே எழுப்பிவிட்டது. தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றில் அறைந்த ஆணிகள் உடம்பின் நாடிகளைக் குறிக்கும் 72,000 என்றும் மரபு கூறும். கூத்தப்பெருமான் ஆடுவது மூச்சினால் வேய்ந்த கூரையின் கீழே என்பது கருத்து.

திருவாரூர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அங்கே தியாகேசப் பெருமானுக்கு உரியது அஜபா நடனம். திருமால் சோமாஸ்கந்த மூர்த்தியைத் தம் மார்பின்மேல் வைத்துப் பாற்கடலில் அறிதுயில் கொண்டிருந்தார். அவர் மூச்சு ஏறவும் இறங்கவும், மார்பின்மேலிருந்த பெருமானும் உடன் ஏறி இறங்கி அசைந்தார். அந்த அசைவே நடனமாயிற்று என்பது புராணம். பின்னர் அம்மூர்த்தி இந்திரனிடம் வந்தது. அசுரரோடு நிகழ்ந்த போரில் இந்திரனுக்குத் துணைநின்ற முசுகுந்தச் சக்கரவர்த்தி அதனை வேண்டினார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோன்ற ஆறு மூர்த்திகளைச் செய்வித்து ஏழையும் ஒருங்கே வைத்து, 'உம்முடையதைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும்' என்றான். முசுகுந்தர் உண்மை மூர்த்தியைத் தெளிந்து காட்டவே, ஏழும் அவருக்கே கிடைத்தன. அந்த ஏழும் எழுந்தருளிய தலங்களே சப்தவிடங்கத் தலங்கள். நள்ளாற்றில் உன்மத்த நடனம். திருக்குவளையில் வண்டின் நடனம். திருக்காறாயிலில் கோழியின் நடனம். நாகையில் அலையின் நடனம். திருவாய்மூரில் தாமரையின் நடனம். மறைக்காட்டில் அன்னத்தின் நடனம். அலையும் வண்டும் கோழியும் கண்ணுக்குத் தெரிந்து ஆடுபவை. தலைமை பெற்ற ஆரூரில் மட்டும் ஆட்டம் மூச்சின் ஆட்டம்.

ஆரூர்ப் பெருமானுக்கு இருந்தாடழகர் என்றும் ஒரு திருநாமம் உண்டு. இருந்தவாறே ஆடும் அழகர். அப்பெயரைச் சொல்லி வணங்கும் அன்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் சற்றே அமர்ந்து தம் மார்பைக் கவனித்தால், அதே ஆட்டம் அங்கேயும் நிகழ்வதைக் காண்பார். சைவர் வைணவர் என்ற வழக்குக்கும் இங்கே இடமில்லை. ஆடியவர் சிவபெருமான்; ஆடுவதற்கு மேடையும் மூச்சும் தந்தவர் திருமால்.

இனி, இவ்வழிபாட்டைச் செய்யும் முறை.

மரபில் வந்த முறை நிவேதனம் என்னும் சமர்ப்பணமாகும். விடியலில் எழுந்ததும், முந்திய நாள் சூரியோதயம் முதல் அன்றைய சூரியோதயம் வரையில் தன்னிடத்தே நிகழ்ந்த 21,600 மூச்சுகளையும் பகுத்து அளிப்பதாகச் சங்கற்பம் செய்துகொள்வார்கள். மூலாதாரத்தில் விநாயகருக்கு 600. சுவாதிட்டானத்தில் பிரமனுக்கு 6,000. மணிபூரகத்தில் திருமாலுக்கு 6,000. அநாகதத்தில் உருத்திரனுக்கு 6,000. விசுத்தி, ஆக்ஞை, சகசிராரம் ஆகிய மூன்றிலும் ஒவ்வோராயிரம். இறுதி ஆயிரம் குருவுக்கு உரியது. தெய்வப் பெயர்களில் மரபுக்கு மரபு சிறு வேற்றுமை காணப்படும்; தொகையில் வேற்றுமை இல்லை. காலக் கணக்கில் விநாயகர் பங்கு 40 நிமிஷம். குருவின் பங்கு ஒரு மணி 6 நிமிஷத்துக்குச் சற்று மேல்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சமர்ப்பிக்கப்படுவது முந்திய நாளின் மூச்சு. அந்த நாளில் அவர் பொய் சொல்லியிருக்கலாம், யாரையேனும் வைதிருக்கலாம், கடைக்கணக்கில் மூழ்கி இறைவனை ஒருமுறையும் நினையாதிருந்திருக்கலாம். அந்த மூச்சுகளும் அத்தொகையில் அடங்கியே தீரும். நல்ல மூச்சை மட்டும் பொறுக்கி எடுத்து அளிக்க இடமில்லை. முந்தைய நாளின் கோபத்தில் விட்ட மூச்சையும் சேர்த்து அளிக்கத் துணிந்தவன், அன்றைய நாளில் கோபம் வரும்போது, 'இதையும் நாளை விடியலில் எடுத்து வைக்க வேண்டுமே' என்று நாணுவான். மூச்சைக் கவனிக்கும் பயிற்சி உடல்நலப் பயிற்சி என்னும் நிலையைக் கடந்து வழிபாடாவது இவ்விடத்திலேதான்.

சங்கற்பம் முடிந்தபின் அமர்ந்து கவனித்தல். தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். மூச்சை நீட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நாசியின் நுனியில் அது புகுவதையும் வெளிப்படுவதையும், வாயிலில் நின்று வருவோர் போவோரைப் பார்க்கும் காவலனைப்போலப் பார்த்திருத்தல் வேண்டும். காவலன் வீதி வரையில் தொடர்ந்து போவதில்லை. ஒரு மூச்சுக்கு ஒரு மணியாக உருத்திராக்க மாலையை ஒருமுறை உருட்டினால் 108 மூச்சு. 7 நிமிஷத்துக்குச் சற்று மேலாகும். தொடக்கத்தில் அவ்வளவே போதும். 'அவனே நான்' என்னும் பொருளுடைய ஸோஹம் தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று எண்ணுவோர் திருவைந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ மூச்சோடு இசைத்துக்கொள்ளலாம்.

மனம் ஓடும். பத்தாவது மூச்சுக்குள்ளேயே அது வட்டிக் கணக்குக்கோ மகளின் திருமணத்துக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் கடிந்துகொள்ளாமல் அடுத்த மூச்சுக்குத் திரும்பினால் போதும். நூறு முறை போனால் நூறு முறை திரும்புவதே அன்றைய பூசை. பூசைக்கு அமர்ந்தவரின் மேல் ஈ வந்து அமர்ந்தால் அதை ஓட்டிவிட்டுப் பூசையைத் தொடர்கிறார். ஈ வந்ததற்காகப் பூசையை நிறுத்துவாரில்லை.

மூச்சைப் பற்றினால் மனம் ஏன் அடங்குகின்றது? மனமும் மூச்சும் ஒரே மூலத்திலிருந்து எழுபவை; ஒன்று அடங்க மற்றதும் அடங்கும் என்று திருவண்ணாமலை ரமண மகரிஷிகள் உபதேசித்தார்கள். மூச்சை அடக்குவதால் மனம் ஒடுங்குமேயன்றி அழிந்துவிடாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு முன்போல் அலையும். இன்றைய உடற்கூற்று நூல் வேறொரு வழியில் இதற்குத் துணை நிற்கின்றது. இதயத் துடிப்பை எவரும் நினைத்தவுடன் நிறுத்தவோ ஓட்டவோ இயலாது. கை கால்களோ நினைத்தாலன்றி நடவா. மூச்சு மட்டும் இரண்டு ஆட்சிக்கும் உட்பட்டது: மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தின் கட்டளையால் உறக்கத்திலும் தானே ஓடும், மனிதன் விரும்பினால் அவன் சொற்படியும் நடக்கும். அறிந்த உலகத்துக்கும் அறியாத உலகத்துக்கும் இடையே அமைந்த வாயில்நிலை என்று அதனைக் கூறலாம். மூச்சு வெளியேறும்பொழுது இதயத் துடிப்புச் சற்றே தளர்வதும், உட்புகும்பொழுது சற்றே விரைவதும் இயல்பு. கவனிக்கக் கவனிக்க வெளிமூச்சு தானே நீள்கின்றது. அமைதியும் தானே வருகின்றது. இடகலை பிங்கலை என்று யோகியர் கூறிய நாசி மாற்றத்தையும் 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் தம் ஆராய்ச்சியில் கண்டு எழுதினார்.

மூச்சைக் கவனிப்பது வேறு. மூச்சை அடக்குவது வேறு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு வகுத்திருக்கின்றார். உள்ளிழுத்தல் 16 மாத்திரை, நிறுத்தல் 64, வெளிவிடுதல் 32. இது குருவின் அருகிருந்து பழகுவோர்க்கு உரிய அளவு. அச்சிட்ட நூலைப் பார்த்துக்கொண்டு வீட்டு மாடியில் 64 மாத்திரை மூச்சை நிறுத்த முனைவது அறிவுடைமையன்று. இதய நோயுடையோரும், இரத்த அழுத்தம் மிக்கோரும், கருவுற்ற மகளிரும் கும்பகத்தை அறவே விடுக. மூன்று நாள் வகுப்பில் குண்டலினியை எழுப்பித் தருவதாகக் கட்டணம் வாங்குவோர் இந்நாளில் பெருகியிருக்கிறார்கள். அவர்களிடம் அகப்பட்டு உறக்கத்தை இழந்தவர்களும் உண்டு. கவனிக்கும் பயிற்சிக்குப் பொதுவாக இத்தகைய இடர் இல்லை. ஆயினும் மிகுந்த பதற்றமுடைய சிலர்க்கு மூச்சை நோக்குந்தோறும் அச்சம் மிகுவதுண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து தீபச் சுடரை நோக்கி இருப்பதே நலம். அதுவும் வழிபாடே.

இவ்வழிபாட்டின் பெருமையை எல்லாவற்றினும் தெளிவாகக் கூறுவது கௌஷீதகி உபநிடதம் என்னலாம். அங்கே அகத்தில் நிகழும் அக்கினிஹோத்திரம் ஒன்று பேசப்படுகின்றது. மனிதன் பேசிக்கொண்டிருக்கும் வரையில் அவனால் மூச்சு விட இயலாது. அப்பொழுது அவன் மூச்சை வாக்கிலே ஆகுதி செய்கின்றான். மூச்சு விடும் வரையில் பேச இயலாது; அப்பொழுது வாக்கை மூச்சிலே ஆகுதி செய்கின்றான். விழிப்பிலும் உறக்கத்திலும் ஓயாமல் நடக்கும் இவ்விரு ஆகுதிகளும் அழிவற்றவை. மற்ற வேள்விகளுக்கோ முடிவு உண்டு. இதனைப் படிக்கும்பொழுது, நான்கு நாளில் முடிந்துவிட்ட யாகசாலையை நினைத்து ஏங்கும் அன்பர்க்கு ஓர் ஆறுதல் கிடைக்கின்றது. விறகும் நெய்யும் வேண்டாத வேள்வி அவரிடத்திலேயே நடந்துகொண்டிருக்கின்றது.

யாருக்கு இது மிகவும் பயன்படும் என்றால், கோயிலுக்கு வர இயலாதவர்க்கே என்று சொல்ல வேண்டும். திருப்பணிக்கு நிதி அனுப்பிவிட்டுக் குடமுழுக்கைக் காண வர இயலாமல் படுக்கையில் கிடக்கும் முதியோர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் நீராட இயலாது; மலர் தொடுக்க இயலாது; சிலரால் வாய்திறந்து திருநாமம் சொல்லவும் இயலாது. ஆசாரக் குறைவு வந்துவிட்டதே என்று அவர்கள் கலங்குவதைக் கண்டவர்கள் அறிவார்கள். அஜபைக்கு நீராட்டும் வேண்டாம், வேளையும் வேண்டாம். அருகிலிருக்கும் மகனோ மகளோ அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு, மூச்சு வெளிவரும்தோறும் மெல்ல 'சிவ' என்றோ 'ராம' என்றோ சொல்லிவந்தால், அவர்கள் உள்ளம் அதைப் பற்றிக்கொள்ளும். மருந்து கொடுப்பதைப்போலவே இதுவும் பணிவிடையாகும்.

இறுதிக் காலத்தில் எய்ப்பு வந்து நலியும்போது நினைக்க இயலாமற்போகலாம் என்று அஞ்சி, உடம்பு நன்றாயிருக்கும்போதே அரங்கனிடம் முறையிட்டு வைத்தார் பெரியாழ்வார். அவர்க்கே அந்த அச்சம் இருந்ததென்றால் மற்றையோர்க்குக் கேட்க வேண்டியதில்லை. நினைவும் வாக்கும் கண்ணும் ஒவ்வொன்றாக விடைபெற்றுச் சென்ற பின்னும் கடைசி வரையில் உடனிருப்பது மூச்சு ஒன்றுதான். அதனோடு முன்பே பழகியிருந்தவர்க்கு அந்த நேரத்தில் அறிமுகமான துணை ஒன்று இருக்கும். முப்பது வயதில் தொடங்க வேண்டிய பழக்கத்தைப் பலரும் எழுபதுக்கு ஒத்தி வைக்கிறார்கள்.

கோயிலுக்கு வருவோர்க்கும் ஒரு சொல். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், கொடிமரத்தருகே வணங்கிச் சற்று நேரம் அமர்ந்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உண்டு. அமராமல் போகலாகாது என்று பாட்டிமார் சொல்லுவர்; அமர்ந்து என்ன செய்வது என்று அவர்களும் சொல்லவில்லை. ஆகவே அந்த நேரம் செருப்பு வைத்த இடத்தைப் பற்றியும் பேருந்து நேரத்தைப் பற்றியும் பேசிக் கழிகின்றது. இனி அங்கே அமர்வோர், கருவறையில் கண்ட திருமேனியை நெஞ்சில் இருத்தி, கண்ணை மூடி, 60 மூச்சு வரையில் வாய் பேசாமல் இருந்து பார்க்கலாம். அதற்கு ஆவது 4 நிமிஷம். உள்ளே மணி ஒலிக்கும், தேங்காய் உடைபடும், குழந்தைகள் ஓடுவர். எதையும் தடுக்க வேண்டுவதில்லை. அறுபது முடிந்ததும் எழுந்து, மீண்டும் ஒருமுறை விமானத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு, வெளி வாயிலை நோக்கி நடக்கலாம்.

திருச்சிற்றம்பலம்.